இரண்டாம் எண் தோல்

பட்டம் வாங்கிய பிறகு மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நெல்லித்தோப்பில் தோல் கிளினிக் வைத்து இருபது வருடம் ஓடியிருந்தது. சொறி, சிரங்கு, படர்தாமரை, தேமல், தொழுநோய் குணமான பிறகும் ஆறாத பாதப் புண், இவைதான் என் உலகம். அதில் நான் கெட்டிக்காரன் என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வதற்கு முன்பே நானும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிய கேள்விகள் வர ஆரம்பித்தன. படை என்று காட்ட வந்த பெண், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, முகத்து முடியை எடுக்க லேசர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்பாள். முகத்தில் கறுத்துப் படரும் மங்கு போக ஏதோ தோலை உரிக்கிறார்களாமே என்று இன்னொருத்தி கேட்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் டாக்டர், பியூட்டி பார்லர் நடத்தவில்லை என்பேன். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நேரே பியூட்டி பார்லருக்குப் போவார்கள். ஒரு மாதம் கழித்து முகமெல்லாம் வெந்துபோய் என்னிடமே திரும்பி வருவார்கள். அதற்கும் திட்டுவேன். யாரைத் திட்டுகிறேன் என்று நின்று யோசித்ததில்லை.

கோரிமேட்டில், வெளியூர் பஸ்கள் நோயாளிகளை இறக்கிவிடும் சாலையில், ஒரு பெண் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். சுற்று வட்டாரத்துத் தோல் டாக்டர்களைக் கூட்டி, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கிளினிக் மாடியில் வகுப்பு நடத்தினார். முகத்துக்கும் முடிக்கும் தழும்புக்கும் வந்திருக்கும் புது வைத்தியங்களை நாமே ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாவிட்டால், கற்றுக்கொள்ளாதவர்கள் கைக்கு நோயாளிகள் போய்விடுவார்கள் என்பது அவருடைய வாதம். நாங்கள் அவருக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்குக் கதவைச் சாத்திவிடுவார் என்பதால் அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

நான் போனது சான்றிதழுக்காக மட்டும்தான். டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும், இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்ததற்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போடுவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், நடுவில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. மருத்துவக் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள் தங்கள் வெற்றியைத்தான் காட்டுவார்கள். வைத்தியத்துக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம், அப்புறம் கைதட்டல். இங்கே முதல் ஸ்லைடு கெட்டுப்போன கேஸாக இருக்க வேண்டும். அதுவும் மற்றவர் கெடுத்தது செல்லாது, காட்டுகிறவர் தன் கையால் கெடுத்ததாக இருக்க வேண்டும். பிறகுதான் பாடம்.

முதல் வகுப்பில் அவரே அதைத் தொடங்கிவைத்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண்ணின் முகம் திரையில் விழுந்தது. மங்குக்காக ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் வைத்தியம் செய்திருக்கிறார். இரண்டே வாரத்தில் கன்னம் இரண்டும் கரியாக மாறியிருந்தது. அதைப் பார்த்தபடி அவர் சொன்னதை என்னால் அப்படியே சொல்ல முடியும். "வெயில்ல போவாதீங்கன்னு சொன்னேன். அவங்க சரின்னு தலையாட்டினாங்க. என்னா வேலை செய்றீங்கன்னு நான் கேக்கல. மறுநாள் காலையில கூடையைத் தூக்கிட்டு கெளம்பிட்டாங்க. கெளம்பாம என்னா செய்வாங்க?"

மாடியில் நாற்பது டாக்டர்கள் இருந்தோம். இந்தப் பெண் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறதே என்று நான் நினைத்தேன். மனசுக்குள் எங்கேயோ ஒரு மரியாதையும் வந்தது. ஆனால் அது எனக்கே எரிச்சலாக இருந்தது. அதனால் அடுத்தடுத்த மாதங்களில் முதல் ஸ்லைடு முடிகிற நேரம் பார்த்து, பின்பக்கப் படி வழியாக மேலே வரப் பழகிக்கொண்டேன்.

இனி மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்லித்தோப்பில் என் கிளினிக்கிலிருந்து நான்கு தெரு தள்ளி அவர் வீடு. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். இருவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. மகன் அங்கே இருந்தான். அவர்களும் வருடத்தில் சில மாதம் அங்கே போய்விட்டு வருவார்கள். மற்றபடி நாற்பத்தாறு வயதான, மாநிறத்தைவிட ஒரு படி கறுத்த, தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசுகிற நம் ஊர்ப் பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் அவர் மதாம். டாக்டர் என்பதைப் பிரெஞ்சில் தொக்தேர் என்று சொல்லி என்னைக் கூப்பிடுபவர் அவர் மட்டும்தான்.

பேசும்போது எப்போதும் ஒரு கைக்குட்டையால் தாடையை மறைத்துக்கொள்வார். ரொம்ப நாள் அதைப் பழக்கம் என்றே நினைத்தேன். ஒருநாள் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பக்கத்திலும் ஆண்களைப் போல முடி. இருபத்திரண்டு வருடமாக, கணவர் எழுந்திருப்பதற்கு முன்பு எழுந்து சவரம் செய்துகொள்கிறாராம். கணவருக்கே தெரியாதாம். மாதா கோயிலில் பிரெஞ்சுப் பூசையில் வாசகம் வாசிக்கச் சொல்லிச் சாமியார் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவருக்கும் கொள்ளை ஆசை. ஆனால் அத்தனை பேர் முன்னால், வெளிச்சத்தில், கையைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டு எப்படி நிற்பது என்று மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த முறை கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

அவரிடம் மட்டும் பியூட்டி பார்லர் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அடுத்த வகுப்பில் புது மெஷின் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சத்தை அடித்து முடியின் வேரைச் சுடுகிற மெஷின். அதற்கு ஐ.பி.எல். என்று பெயர். அந்த மூன்று எழுத்துக்கு ஊரில் கிரிக்கெட் என்று பொருள் வருவதற்கு முந்திய காலம். ஆறு டாக்டர்கள் ஆளுக்கு ஒரு நோயாளியைக் கூட்டிவந்து தங்கள் கையாலேயே செய்து பழகலாம் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு வகுப்புக்கு நானாகப் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியைப் பற்றி முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் தோல் வகை என்று ஒரு கட்டம் இருந்தது. தோலை ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டுப் பிரிக்கும் முறை அது. வெயிலில் நின்றால் சிவந்துவிடும் வெள்ளைக்காரத் தோல் ஒன்று, இரண்டு. நம் தோல் நான்கு, ஐந்து. இதை நானும் ஒரு காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் ஆளைப் பார்த்தாலே தெரியாதா என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். படிவத்தோடு மதாமுடைய கேஸ் கார்டின் நகலைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கார்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வார்த்தை இருந்தது. பிரெஞ்சு என்று ஆங்கிலத்தில் நான் எழுதியது. புதுச்சேரியில் பாதி டாக்டர்கள் அப்படி எழுதுவோம். குடியுரிமை உள்ளவர்கள் திடீரென்று பாரிசுக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் ஊர்க் கம்பெனி வைத்த பெயரில் மருந்தை எழுதினால் அங்கே கடையில் விழிப்பார்கள். ஆகவே இவருக்கு மருந்தின் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இந்த ஊர்க்காரருக்கு அந்த வார்த்தை குழப்பம் தராது. இங்கே பிரெஞ்சுக்காரர் என்றால் கறுத்த மனிதராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மெஷினோடு வந்த பயிற்சியாளர் மும்பைக்காரர். சனிக்கிழமை மாலையே உட்கார்ந்து ஆறு படிவங்களையும் பார்த்து, ஆறு பேருக்கும் உரிய அளவுகளை மெஷினில் ஏற்றிவைத்துவிட்டார். என் படிவத்தில் கட்டம் காலி. பின்னால் சிவப்பு மையில் பிரெஞ்சு. கடற்கரைப் பக்கம் குடியிருக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு என்று போட்டார்.

ஞாயிறு காலையில் முதலில் பாடம். தோலின் நிறம் வெளுக்க வெளுக்க வெளிச்சத்தின் சூட்டைக் கூட்டலாம், கறுக்கக் கறுக்கக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கருமை சூட்டைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். திரையில் தெரிகிற எண் தோலின் எண், சூட்டின் எண் இல்லை. எண் சின்னதாக இருந்தால் சூடு பெரியது. யாருக்குச் செய்தாலும் தாடைக்கு அடியில் மறைவான இடத்தில் ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு முறை சொன்னாராம். எனக்கு மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் கீழே சாலையோரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். தோலைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டியிருக்கிறது?

என் முறை வந்தபோது அறையில் நான், மதாம், ஒரு நர்ஸ் மூன்று பேர்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்து அறையில் இன்னொரு டாக்டரின் நோயாளியோடு இருந்தார். பயிற்சியாளர் நான்காம் நோயாளியான மதாமுக்குரிய அளவை அழுத்திக்கொடுத்துவிட்டு அந்த அறைக்குப் போனார். மதாம் அப்போது வெளியே பெஞ்சில் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. திரையில் ஒரு சின்னத் தலைப் படம், பக்கத்தில் 2 என்ற எண். அட, ஆறில் இரண்டுதானே, முதல் தடவை என்பதால் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு பயந்து பயந்து வைத்தால் எப்போது முடி உதிரும் என்றுகூட நினைத்தேன்.

மதாம் படுத்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டோம், கன்னத்தில் ஜெல் தடவினோம். காலால் பெடலை மிதித்தேன். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். பரவாயில்லை, செய்யுங்கள் என்றார். இரண்டாவது, மூன்றாவது. முடி பொசுங்கும் வாசனை வந்தது. அது வரத்தான் செய்யும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆறாவது அடித்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வந்தார். மதாமின் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினார். சத்தம் போடவில்லை. ஜெல்லைத் துடைத்தபோது வலது கன்னத்தின் கீழே ஆறு நீள்சதுரங்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருந்தன. யாரோ முத்திரை குத்தியது போல இருந்தது.

முதலில் என் வாயிலிருந்து வந்தது மெஷின் கோளாறு என்பதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத்தான் சொன்னேன்.

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்துப் பிடித்துக்கொண்டு, மதாமின் கண்ணாடியைக் கழற்றி, அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார். "மதாம், உங்க மொகத்துல நாங்க தப்பு பண்ணிட்டோம். சூடு அதிகமா வச்சுட்டோம். ஆறு எடத்துல வெந்துருக்கு. கறுப்பாவும். போறதுக்கு மாசக்கணக்குல ஆவும். அது வரைக்கும் நாங்க கூட இருக்கோம்."

நாங்க. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அதில் அவருக்குப் பங்கே இல்லை. பாடத்தை இரண்டு முறை சொன்னவர் அவர், கேட்காமல் டீ குடித்தவன் நான். அவர் நினைத்திருந்தால் என் பக்கம் கையை நீட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். என்னைவிட இளையவர் ஒருவரைப் பார்த்து இவர் பெரிய மனுஷி என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் கொடுமையாக இருந்தன. சாம்பல் நிறம் பொருக்காகி, பொருக்கு உதிர்ந்து, அடியில் ஆறு கறுப்புக் கட்டங்கள் தெளிவாக நின்றன. கைக்குட்டையால் தாடையை மறைக்கலாம், அரைக் கன்னத்தை எப்படி மறைப்பது? களிம்போடு வாரம் இரண்டு முறை நானே அவர் வீட்டுக்குப் போனேன். சொல்தா என்னிடம் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டினார். இத்தனை வருடம் தனக்குப் பயந்துகொண்டு இவள் இருட்டில் எழுந்திருக்கிறாளே, தான் அப்படிப்பட்ட ஆளா என்று மட்டும் கேட்டார். மதாம் இருபத்திரண்டு வருடம் காப்பாற்றிய ரகசியத்தையும் நான்தான் உடைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. வாசகத்தை வேறு யாரோ வாசித்தார்கள். மதாம் பூசைக்கே போகவில்லை.

ஜனவரி தொடக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்தார். மதாம் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். ஒவ்வொரு வாரமும் விசாரிப்பவர்தான். பிறகு, இந்த மாத வகுப்பின் முதல் ஸ்லைடு என்னுடையது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் தொழிலுக்கு வந்தபோது அங்கே உட்காருபவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் என்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்றேன். படிவத்தைத் தப்பாகப் படித்தது கம்பெனிக்காரர், போய் அவரைக் கேளுங்கள் என்றேன். வேண்டுமானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் சொன்னா அது என் கிளினிக்ல நடந்த விபத்து, சார். நீங்க சொன்னாதான் பாடம்."

போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வழி தோன்றியது. நோயாளியின் படத்தைக் காட்ட நோயாளியின் சம்மதம் வேண்டும், அது வகுப்பின் விதி. மதாமிடம் போய்க் கேட்போம், இத்தனை பட்டவர் கண்டிப்பாக முடியாது என்பார், நம் தலை தப்பிக்கும். எவ்வளவு கேவலமான யோசனை என்று இப்போது தெரிகிறது. அன்று அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

போய்ச் சொன்னேன். நாற்பது டாக்டர்கள் உங்கள் முகத்தைப் பெரிய திரையில் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது, கேள்விகூடக் கேட்பார்கள், உங்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம் என்று, மறுப்பதற்கான எல்லா வழியையும் நானே போட்டுக்கொடுத்தேன். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இதே தப்பை அவர்களும் செய்வார்களா என்று கேட்டார். செய்ய வாய்ப்பு இருக்கிறது, பலரும் கார்டில் பிரெஞ்சு என்று எழுதுகிறவர்கள்தான் என்றேன்.

"அப்ப போட்டோ எதுக்கு, தொக்தேர்? போட்டோல இந்த கறுப்பு சரியா தெரியாது. நானே வர்றேன்."

வகுப்பு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசைக்குப் போகவில்லை, போகவும் முடியாது. மைக்கைப் பிடித்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டத்தைக் காலியாக விட்டதைச் சொன்னேன். பாடம் நடந்தபோது டீ குடிக்கப் போனதைச் சொன்னேன். மறைவான இடத்தில் அடித்துப் பார்க்காததைச் சொன்னேன். இரண்டு என்பது மிதமான சூடு என்று நினைத்ததைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு டாக்டர், அவரும் எனக்குச் சமவயது, தானும் அந்தத் திரையைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருந்ததாகவும், அன்று தன் முறை வருவதற்குள் மெஷினை நிறுத்திவிட்டதால் தப்பித்ததாகவும் சொன்னார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கார்டின் மூலையில் பிரெஞ்சு என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். பதினான்கு கைகள் உயர்ந்தன.

மதாம் எழுந்தார். கைக்குட்டையைக் கைப்பைக்குள் வைத்தார். மேடைக்கு வருவார் என்று பார்த்தால் வரவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, ஜன்னல் பக்கம் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். டாக்டர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சவரம் செய்யாமல் வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கறுப்புக் கட்டங்களுக்கு இடையில் நான்கு நாள் முடி தெரிந்தது. எது வெந்த தோல், எது முடி என்று அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படியே வந்தாராம். பூசையில் நூறு பேர் முன்னால் நிற்க முடியாது என்று வருடக்கணக்காகச் சொன்ன பெண்மணி அவர். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

வலித்திருக்குமே, ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். சுட்டது உண்மைதான், ஆனால் இந்த வைத்தியம் என்றால் இப்படித்தான் சுடும்போல என்று நினைத்தேன், எவ்வளவு சுட்டால் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். பல பேர் அதை எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். இருபது வருட அனுபவத்தில் நான் ஒரு நோயாளிக்கும் அதைச் சொன்னதில்லை.

கடைசியாக, படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண் டாக்டர் கை தூக்கினார். அவர் கேட்டது எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான், ஆனால் என்னை வைத்துக்கொண்டு வேறு யாரும் கேட்கத் துணியவில்லை. இந்தக் கறுப்பு மறைந்த பிறகு மறுபடி இந்த வைத்தியம் செய்துகொள்வீர்களா, செய்துகொண்டால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹெட்மிஸ்ட்ரஸைக் காட்டுவார் என்று நினைத்தேன். அதுதான் நியாயம். நானே அவரிடம் அனுப்பிவைப்பதாக இருந்தேன்.

"இவர்கிட்டதான் வருவேன்" என்றார் மதாம். "வேற டாக்டர்கிட்ட போனா, அவர் என் மொகத்துலதான் கத்துக்கணும். இவர் கத்துக்கிட்டாரு."